சீல் வைத்த கலியாண அறை

கிண்ணியா ஸைனுலாப்தீன் தன் வாழ்க்கையில் ஒரே ஓர் அறைதான் கட்டினார். அந்த அறைக்காகத் தன் இரண்டு முழங்கால்களையும் கொடுத்தார்.

இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே கரைவலை இழுத்தவர் அவர். ஈர மணலில் காலை ஊன்றி, கயிற்றை இடுப்பில் மாட்டி, பின்னுக்குப் பின்னுக்கு நடக்கிற வேலை. மகள் நஸ்ரின் பிறந்த அன்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே பின்வளவுக்குப் போனாராம். காற்பெருவிரலால் மண்ணில் ஒரு சதுரம் கீறி, "இதில என்ட மகளுக்கு அறை" என்றாராம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வருகிறவருக்கு ஓர் அறை வேண்டும். அறை இல்லாத பெண்ணுக்கு அழகு இருந்தென்ன, அறிவு இருந்தென்ன!

ஒரு வருடம் அத்திவாரம் போட்டார். அடுத்த வருடம் நாலு வரி கல் எழும்பியது. மீன்பாடு நன்றாக இருந்த வருடம் யன்னல் வந்தது. மோசமான வருடம் யன்னலுக்குச் சாக்குத்தான் தொங்கியது. கடைசியில் கூரையும் போட்டு, தரைக்கு மாபிளும் பதித்து, கட்டிலும் கண்ணாடி வைத்த அலுமாரியும் வாங்கிப் போட்டார். அறை எழும்பி நின்ற அன்று அவருடைய முழங்கால்கள் இரண்டும் உட்கார்ந்துவிட்டன.

கடல்தொழில் போனது. வீட்டின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கடை வந்தது.

மாப்பிள்ளையும் அமைந்தான். றிஸ்கான், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் சுஹைரா அந்த ஒற்றைப் பிள்ளையைத் தையல் மெசினை மிதித்து மிதித்தே ஆளாக்கியவள். அவர்களின் வீடு இரண்டு தெரு தள்ளி. கலியாணப் பேச்சு முற்றானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மச்சான், எனக்குச் சீர் வேணாம், நகை வேணாம். சொன்ன அறை சொன்னபடி இருக்க வேணும்."

"அறை ரெடி மச்சி. மாப்பிள்ளை வந்து படுக்கிறதுதான் மிச்சம்" என்று ஸைனுலாப்தீன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

அந்தக் கையை விதி பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வாடைக் காலம் தொடங்கிற்று. கடல் கொந்தளித்தால் கிண்ணியாவிலும் சனம் டின்மீன் தின்னும். ஸைனுலாப்தீன் தன் வாழ்நாளில் டின்மீனை நாக்கில் வைத்தவரல்ல. ஆனாலும் கடை என்றால் வைக்கத்தானே வேண்டும்? ஊருக்குப் புதிதாக லொறியில் வந்த ஒரு வியாபாரி, மழையில் பெட்டி நனைந்துவிட்டது என்று சொல்லி மலிவாகத் தந்துவிட்டுப் போனான். பெட்டிகளைப் பிரித்தபோதுதான் ஸைனுலாப்தீன் அதைக் கவனித்தார். சில டின்கள் தட்டையாக இருந்தன. மற்றவை மேலும் கீழும் உருண்டு திரண்டு, கையில் எடுத்தாலே கனதியாகத் தெரிந்தன.

மீனைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்த மனிதர். அந்தக் கண் டின்னையும் விடவில்லை.

"ஸல்ஹா, இஞ்ச வந்து பாருங்க" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இது சினை."

"டின்னுக்கு ஏது சினை?"

"உங்களுக்கு விளங்காது. இதுக்குள்ள நல்லா அமத்தி அடைச்சிருக்கிறானுகள். தட்டையானது அரைவயிறு. அதைச் சனத்துக்கு விப்பம். இந்தக் கொழுத்ததை எடுத்து வைப்பம். கலியாணத்துக்கு முதல் நாள் பந்தல் போட வாறவனுகளுக்குப் பாணும் டின்மீன் சம்பலும் குடுக்கலாம்."

கடைக்குள் வெக்கை அதிகம். அதனால் கொழுத்த டின்களை எல்லாம் பின்பக்கத்துப் புது அறைக்குள் கொண்டுபோய் அடுக்கினார். கட்டிலுக்குக் கீழே வைத்தார். இடம் போதாமல் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் மிஞ்சியது, புது மெத்தையின் மேல் ஏறியது.

கலியாணத்துக்கு இன்னும் சில வெள்ளிக்கிழமைகளே இருந்த ஒரு காலையில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுகிர்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். லிங்கநகர்ப் பெடியன். புதிதாக மாற்றலாகி வந்தவர். மரியாதையான பேச்சு, அண்ணன் வயதுக்காரரை எங்கள் ஊர் முறைப்படி 'நானா' என்பார்; ஆனால் சட்டத்தில் ஒரு நூல் இழையும் விடமாட்டார்.

"நானா, டின்மீன் வைச்சிருக்கிறீங்களோ?"

ஸைனுலாப்தீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்தர் தன் கடையில் சாமான் வாங்க வந்திருக்கிறார்!

"இல்லாமலா சேர்? இருங்க, உங்களுக்கு நல்லதாப் பாத்து எடுத்திட்டு வாறன்."

நொண்டி நொண்டி உள்ளே போனார். இருந்ததிலேயே பெரிதாக உப்பியிருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்து, சாரத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். சுகிர்தன் அதை மேசையில் வைத்தார். டின் நிற்கவில்லை. தோணி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"நானா... இது உப்பியிருக்கு."

"அதுதான் சேர்! நான் எல்லாருக்கும் இதைக் குடுக்கிறதில்ல."

"எல்லாருக்கும் குடுக்கிறதில்லையோ?"

"தட்டையானதுதான் சனத்துக்கு. இது எங்கட வீட்டுக்கு, வேண்டியவங்களுக்கு."

பகிடி விடுகிறாரோ என்று சுகிர்தன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் பகிடி இல்லை. பெருமை மட்டும்தான் இருந்தது.

"நானா, இது பழுதாப்போன சாமான். உள்ளுக்குள்ள வாயு பிடிச்சு வீங்கியிருக்கு. இதைச் சாப்பிட்டால் ஆளே முடிஞ்சிடும். ஒருத்தருக்கும் வித்தீங்களோ?"

"அல்லாஹ்வே! ஒண்டும் விக்கல்ல சேர். எல்லாம் அப்படியே இருக்கு."

"எல்லாம் எண்டால்? இன்னும் இருக்கோ?"

இந்த இடத்தில் இன்னொருவராக இருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பார். ஸைனுலாப்தீனுக்குப் பொய் வராது. வராத பொய் ஒரு மனிதனின் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

"ஓம் சேர்" என்றார். "ஓர் அறை நிறைய இருக்கு."

அறையைத் திறந்து காட்டினார். புதுக் கட்டிலில் மணமக்கள் இருக்க வேண்டிய இடத்தில் டின்மீன்கள் வீற்றிருந்தன. சுகிர்தன் குனிந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் எண்ணினார். கதவைச் சாத்தி, நாடா ஒட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார். யன்னலுக்கும் அதே மரியாதை நடந்தது.

ஸல்ஹா குசினி வாசலில் நின்று வாயில் அடித்துக்கொண்டாள். நஸ்ரின் ஓடி வந்து, "வாப்பா, என்ட அறை!" என்று தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"சேர், சாமானைத் தூக்கிட்டுப் போங்க. அறையை மட்டும் விட்டிடுங்க" என்று ஸைனுலாப்தீன் கெஞ்சினார்.

"எங்கட பணிமனையில ரெண்டே ரெண்டு அறைதான் நானா. ஒண்டில பிள்ளைத்தாய்ச்சிமார், மற்றதில ஊசி போட வாற குழந்தையள். இதைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது? நீதவான் அழிக்கச் சொல்லிக் கட்டளை தரும்வரைக்கும் இது உங்கட பொறுப்பிலதான் இருக்கும்."

"கோட்டு வழக்கு எப்ப?"

சுகிர்தன் திகதியைச் சொன்னார். கலியாணத்துக்குப் பிறகு வருகிற திகதி.

"அதுவரைக்கும் ஒரு டின்னும் குறையக்கூடாது. ஒண்டுக்கும் பழுது வரக்கூடாது."

"சேர், அது பழுது எண்டுதானே இப்ப சொன்னீங்க?"

"ஓம். இருக்கிற பழுதுக்கு மேல பழுது வரக்கூடாது. நீதவான் கேட்கேக்க இண்டைக்கு எப்படி இருக்குதோ, அப்படியே இருக்க வேணும்."

நஞ்சு வைத்திருந்தான் என்று ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கி, அந்த நஞ்சுக்கே அவனைக் காவலாளியாகவும் ஆக்கினால் அவன் என்ன செய்வான்? ஸைனுலாப்தீன் ஒரு கதிரையைத் தூக்கி வந்து, சீல் வைத்த கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

முதலாவது டின் ஒரு பகல் வேளையில் வெடித்தது.

பழைய வலைக் கூட்டாளி றுவைஸ் அப்போது கடையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். 'டமார்' என்ற சத்தம் முடிவதற்குள் அவர் மேசைக்குக் கீழே இருந்தார். தெருவில் போன சைக்கிள்கள் மதிலோரமாகப் படுத்தன. அடுத்த வீட்டுப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பழைய பதுங்குகுழி இருந்த இடத்துக்கு ஓடினாள். குழியை மூடி அதில் வாழை நட்டு எத்தனையோ காலமாகிவிட்டது என்பது அங்கே போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பொலிஸ் வந்தது. சுகிர்தனும் வந்தார். எல்லோரும் ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு வெளியே நிற்கிறவர்களைப் போல அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சுக் கேட்டது. அதன் பின்னால் ஒரு மணம் வந்தது. அந்த மணத்தை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அடுத்த நேரம் சாப்பிடமாட்டீர்கள்.

"திறந்து பாப்பமா?" என்றார் பொலிஸ்காரர்.

"ஏலாது. கோட் சொல்லாமல் சீலில கை வைக்க ஏலாது" என்றார் சுகிர்தன். பிறகு கதவைப் பார்த்துக் கவலையோடு, "எண்ணிக்கையில ஒண்டு குறையப்போகுது" என்றார்.

றுவைஸ் மேசைக்குக் கீழிருந்து எழும்பிச் சாரத்தைத் தட்டினார். "டேய் ஸைனு, கடலுக்குள்ள உன்ட வலைக்குத் தப்பின மீனெல்லாம் சேந்து வந்து உன்னைப் பழி வாங்குது."

"சும்மா கிடவன்டா. என்ட வயிறு எரியுது."

"உன்ட வயிறு எரியுது, அதுகள்ட வயிறு வெடிக்குது."

வெக்கைதான் காரணம், அறை குளிராக இருந்தால் தாக்குப்பிடிக்கும் என்று சுகிர்தன் சொல்லிவிட்டுப் போனார். குளிர் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஸைனுலாப்தீனுக்கு கடற்கரையில் மீனுக்கு ஐஸ் போடும் வாடி ஞாபகம் வந்தது. மீனைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி! றுவைஸும் பழைய வலைக்காரர்களும் தள்ளுவண்டியில் ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து அறையின் வெளிச்சுவர் நெடுக அடுக்கினார்கள். மேலே ஈரச் சாக்கு, உமி, மறுபடியும் சாக்கு.

"செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஐஸ் வைச்ச மீன் உலகத்தில இது ஒண்டுதான்" என்றார் றுவைஸ்.

ஸைனுலாப்தீன் சிரிக்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவற்றோடு மெதுவாகப் பேசினார். "கொஞ்சம் பொறுங்க. என்ட புள்ளட கலியாணம். அது முடியட்டும். அதுக்குப் பிறகு நீங்க என்னவும் செய்யுங்க." கடலில் ஓடுகிற மீனை வளைத்துப் பிடித்த அந்தக் கைகள், டின்னுக்குள் கிடந்த மீனிடம் பிச்சை கேட்டு நின்றன. பார்த்துக்கொண்டிருந்த ஸல்ஹா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

சோதனை அதோடு முடிந்ததா? இல்லை. கலியாணத்துக்கு முந்திய கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அறையைப் பார்ப்பது வழக்கம். சுஹைரா வந்தாள்.

கதவுக்கு மேலே ஒரு பட்டுத் திரை தொங்கவிடப்பட்டிருந்தது. முற்றம் முழுவதும் சாம்பிராணிப் புகை. ஸல்ஹா வட்டிலப்பம் கொடுத்தாள். சுஹைரா சாப்பிட்டாள். தொதல் வந்தது. அதையும் சாப்பிட்டாள். பலகாரத் தட்டு வந்தபோது கையை உதறி எழும்பினாள்.

"எனக்கு வயிறு நிறைஞ்சிட்டுது மச்சி. அறையைப் பாப்பம்."

"இன்னொரு துண்டு..."

டமார்!

திரை ஆடியது. சுஹைரா பதுங்கவில்லை. திரையையே பார்த்தபடி கேட்டாள்: "உள்ளுக்க ஆரு?"

ஸல்ஹா பலகாரத் தட்டை மறுபடியும் நீட்டினாள். கடைசியில் நஸ்ரின்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஒருத்தருமில்ல மாமி. மீன்."

சுஹைரா திரையை விலக்கினாள். சிவப்பு அரக்கு முத்திரையைப் பார்த்தாள். ஸைனுலாப்தீன் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். சினை என்று நினைத்ததைக்கூட மறைக்கவில்லை.

"அப்ப என்ட மகன் எங்க படுக்கிற? கோட்டிலயா?" என்றாள் அவள். "கலியாணத்தை நான் நிப்பாட்டல்ல மச்சான். ஊர் சிரிக்கும். ஆனா அறை இல்லாத வீட்டில என்ட மகன் இருக்கமாட்டான். நிக்காஹ் முடியட்டும், சாப்பாடு முடியட்டும், அவன் திரும்பி என்ட வீட்டுக்கு வரட்டும். அங்க அவன்ட அறை இருக்குத்தானே? கோடு முடிஞ்ச பிறகு அனுப்புறன்."

"கோடு தவணை போட்டுப் போட்டு வருசக்கணக்கா இழுத்தா?"

"இழுக்கட்டும்" என்றாள் சுஹைரா.

கோபமாகச் சொல்ல வேண்டிய சொல். அவளுடைய குரலில் ஏனோ கோபம் இருக்கவில்லை.

மாப்பிள்ளை தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவது! கேட்டதுண்டா இப்படி? நிக்காஹ் அன்றே கைவிடப்பட்ட பெண் என்று நஸ்ரினைப் பேசமாட்டார்களா? ஸைனுலாப்தீன் விழுந்தடித்துச் சுகிர்தனிடம் ஓடினார். அந்த இளைஞனின் தோளைப் பிடித்து, சேர் என்பதை மறந்து, "தம்பி, என்ட மகளை உன்ட தங்கச்சியா நினைச்சு ஒரு வழி சொல்லு" என்று அழுதார்.

சுகிர்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டுக்குப் போய்க் கேட்டு ஓர் அனுமதியை வாங்கி வந்தார். சாப்பாட்டுச் சாமான் விற்காத வேறு வீட்டில், பூட்டக்கூடிய ஓர் அறை இருந்தால், பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால், டின்களை அங்கே மாற்றலாம்.

ஸைனுலாப்தீன் வீடு வீடாக ஏறி இறங்கினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்பாக வரவேற்றார்கள். அறை என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குத் தலையிடி வந்தது, சிலருக்கு விருந்தாளிகள் வந்தார்கள்.

"என்ட வீட்டில இருக்கிற ஒரே அறையில மாமியார் இருக்கிறா" என்றார் றுவைஸ். "ரெண்டு வெடியை ஒரு அறையில வைக்க ஏலாதுடா."

கலியாணத்துக்கு முதல் நாளும் வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஸைனுலாப்தீன் சுஹைராவின் வீட்டுக்குப் போனார். தோற்றுவிட்டேன், நீங்கள் சொன்னபடியே நடக்கட்டும் என்று சொல்லத்தான் போனார்.

வாசலில் றிஸ்கானின் சூட்கேஸ் கட்டி வைத்திருந்தது. கூப்பிட்டும் பதில் வராததால் உள்ளே எட்டிப் பார்த்தார். மகனின் அறையில், மெத்தை விரிப்பு எடுத்த வெறுங்கட்டிலில், சுஹைரா தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவரில் அவனுடைய சேட்டுகள் தொங்கிய ஆணிகள் மட்டும் இருந்தன.

அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். அவள் கேட்டாளோ இல்லையோ தெரியாது. அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மச்சான், அந்த டின்னுகளை ஆர் பொறுப்பெடுக்க வேணும்?"

"ஆராவது நல்ல ஆள், கையெழுத்துப் போட்டு."

"போட்டவர் அடிக்கடி வந்து பாக்க வேணுமா?"

"ஒவ்வொரு நாளும் பாக்க வேணும் மச்சி. சீல் இருக்கா, வெடிச்சுதா, எல்லாம். அவர் பாக்காட்டிக் குற்றம்."

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்."

"பெருநாளிலயும்?"

"சட்டத்துக்கு ஏது பெருநாள்?"

சுஹைரா எழும்பினாள். யன்னலின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தித் திறந்து, சாவி சுற்றுகிறதா என்று பார்த்தாள்.

"சாமான் இஞ்ச இருக்கட்டும். கையெழுத்தை றிஸ்கான் போடட்டும்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உம்மாவைப் பாக்க ஒவ்வொரு நாளும் போறான் எண்டா பெண் வீட்டுச் சனம் கதைக்கும். சட்டம் கூப்பிடுதெண்டா ஆருக்கு என்ன கதைக்க ஏலும்?"

ஸைனுலாப்தீன் அப்போதுதான் அந்த வெறுங்கட்டிலைச் சரியாகப் பார்த்தார். மகளுக்கு ஓர் அறை நிறைய வேண்டும் என்று இத்தனை வருடம் ஓடியவருக்கு, அது நிறையும்போது இன்னோர் அறை காலியாகும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்தத் தாய்க்கு முன்னால் அவர் சத்தமில்லாமல் அழுதார். அவளும் அழுதாள். இருவரும் அழுதது டின்மீனுக்காகத்தான் என்று, அப்போது உள்ளே வந்த றிஸ்கான் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கிண்ணியா ஓர் அதிசய ஊர்வலத்தைக் கண்டது. முன்னால் சுகிர்தனின் மோட்டார் சைக்கிள், ஆளின் நடைக்கும் குறைந்த வேகத்தில். அதற்குப் பின்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் மெத்தை, அதன் மேல் ஈரச் சாக்கு போர்த்திய டின்மீன்கள். பள்ளம் வந்த இடமெல்லாம் றுவைஸ் "மெதுவா, மெதுவா, புள்ளத்தாய்ச்சி!" என்று கத்தினார். பொலிஸ்காரர் பின்னால் வந்தார், போதுமான தூரம் விட்டு.

அதே தெருவால் பின்னேரம் மாப்பிள்ளை வந்தான்.

அதற்குள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அறையைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவி, எலுமிச்சந் தோலால் தேய்த்து, மெத்தையை மாற்றி, அத்தர் தெளித்திருந்தார்கள். மணம் போகவில்லை. போய்விட்டது என்று எல்லோரும் பேசி ஒப்புக்கொண்டார்கள். ஸைனுலாப்தீன் மருமகனின் கையைப் பிடித்து, தானே கதவைத் திறந்து, உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தார்.

றிஸ்கான் ஒரு தரம் மூச்சை இழுத்தான். கண்ணில் நீர் முட்டிற்று.

"நல்ல அறை மாமா" என்றான்.

முழங்காலைப் பற்றி யோசிக்காமல் ஸைனுலாப்தீன் அந்த மாபிள் தரையிலேயே இருந்துவிட்டார். அவரைத் தூக்கி எழுப்ப இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

கோடு ஒரு தவணை தள்ளியது. பிறகு இன்னொன்று. வேலை முடிந்து துறைமுகத்தில் இருந்து வரும் றிஸ்கான் முதலில் தாய் வீட்டுக்குப் போனான். யன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். தாய் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்தான், பெண் வீட்டுச் சம்பல் எப்படி என்று அவள் கேட்டால் சொன்னான், பிறகு மனைவியிடம் போனான். சில நாட்களில் நஸ்ரினும் கூட வந்து மாமியின் தையலுக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். ஸைனுலாப்தீன் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு மாப்பிள்ளை பிந்தி வருகிறான் என்று ஒரு நாளும் அவர் குறை சொல்லவில்லை.

கடைசியில் கட்டளை வந்தது. ஸைனுலாப்தீனை நீதவான் கண்டித்து, தண்டம் போட்டு அனுப்பினார். டின்களை ஏற்றிக்கொண்டுபோய், ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சுகிர்தன் சுஹைராவின் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த அரக்கைச் சுரண்டி எடுத்தார்.

"பெரிய உதவி அம்மா. இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்றார்.

சுஹைரா காலியான அறையை எட்டிப் பார்த்தாள். பிறகு சுகிர்தனைப் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். மோட்டார் சைக்கிளை உதைக்கப்போனவரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"மகன், வேற கடைகள்ல ஒண்டும் பிடிபடல்லயா?"

"என்னம்மா?"

"பழுதான மா, பிஸ்கட், என்னவெண்டாலும் பரவாயில்ல. உங்கட பணிமனையில இடமில்ல எண்டு மச்சானிட்ட சொன்னீங்கதானே." அவள் கைப்பிடியை விடவில்லை. "கையெழுத்துப் போட எனக்கு ஒரு மகன் இருக்கிறான்."